எடுக்காமல் விட்ட அரைஞாண்: ஒரு கடன், ஒரு புகார், இரண்டு சகோதரர்கள்

தஞ்சாவூர் மாவட்டத்தில், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரில் 2023-ல் நடந்தது இது. இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கும் நான் இதில் நேரடியாகப் பங்கெடுத்தேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுதுவதற்கு இருவரிடம் அனுமதி கேட்டேன். ஒருவர் அந்தக் குடும்பத்தின் இளைய மகன். மற்றவர் அந்தக் குடும்பத்தைச் சேராதவர், ஆனால் இந்த விவகாரத்தில் எல்லோரையும்விட அதிகம் இழந்தவர்.

பின்னணி

அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மூத்த மகனுக்கு 41, இளையவருக்கு 33. இவர்களுக்கு இடைப்பட்ட மகள் திருமணமாகிக் கணவருடன் சிங்கப்பூரில் இருக்கிறார். சொந்த நிலம் நான்கு ஏக்கர், அதில் இரண்டு ஏக்கர் தென்னை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது சுமார் 140 மரங்களில் 118 சாய்ந்தன. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று அரசு கொடுத்த 1,100 ரூபாய் கணக்கில் 1,29,800 ரூபாய் வந்தது. தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும், புதுக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு அந்தப் பணத்தில் பதில் இல்லை.

தம்பி சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தவர். 2020-ல் திரும்பி வந்தபோது ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனில் பாதிகூட அடையவில்லை. இருவரும் சேர்ந்து விவசாயம் செய்வது என்று முடிவானது. 2022-ல் வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24-ல் மேட்டூர் திறந்தார்கள். குறுவை நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் சம்பாவுக்கு எட்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார்கள். வாய்வழிக் குத்தகைதான், எழுத்து எதுவும் கிடையாது. எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் நிலக்காரர் பெயர்தான் இருந்தது. அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த எட்டு ஏக்கருக்குப் பயிர்க்கடன் கிடைக்கவில்லை.

கடனின் கணக்கு

2022 ஆகஸ்டில் அண்ணன் வெளியில் மூன்று லட்சம் வாங்கினார். பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 2,70,000. உத்தரவாதமாக, எதையும் நிரப்பாத புரோநோட் (கடன் உறுதிச் சீட்டு) இரண்டில் கையெழுத்தும், கையெழுத்திட்ட காசோலை மூன்றும் போயின. கொடுத்தவர் சொந்தக்காரர். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம் 60,000 கட்டினார்கள். நவம்பரிலிருந்து கட்ட முடியவில்லை.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற பயிர்மேல் பருவம் தவறிய மழை பெய்தது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அறுத்த நெல்லும் காயவில்லை. கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த முறை தளர்வு வந்தது, ஆனால் அதற்குள் இவர்கள் பாதி நெல்லை வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். குத்தகை நிலத்துக்குரிய பணம் அடங்கலில் பெயர் இருந்தவரின் கணக்கில் ஏறியது. அவர் அதைக் கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது.

பிப்ரவரி கடைசியில் கடன்காரர் கேட்ட தொகை 4,50,000.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லாமல் நகர முடியாது. ஈடில்லாத கடனுக்கு அரசு நிர்ணயித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். கையில் வாங்கிய 2,70,000-க்கு ஏழு மாதத்துக்கு அப்படிப் பார்த்தால் 18,900 ரூபாய்தான் வருகிறது. அவர்கள் ஏற்கெனவே 60,000 கட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நியாயமான தொகையை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. இது தெரியுமா என்று பின்னாளில் அண்ணனிடம் கேட்டேன். "தெரியும் மேடம். சொந்தத்துல வாங்கிட்டு கோர்ட்டுக்குப் போனா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்றார்.

அந்த இரவும் புகாரும்

மகள் ஊருக்கு வந்துபோகும்போது தன் நகைகள் 22 பவுனை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ஊர்க் கோயிலில் கூத்து நடந்த இரவில், அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த நகைகள் காணாமல் போயின. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அம்மா பெயரில் புகார், எழுதியவர் அண்ணன். எழுதி முடித்ததும் நிலைய எழுத்தர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: வீட்டுக்கு வந்துபோறவங்க யாரு, யார்மேலயாவது சந்தேகம் உண்டா? அண்ணன் ஒரு பெயரைச் சொன்னார். பதினான்கு வருஷமாக அந்தக் குடும்பத்தின் வயலில் வேலை செய்பவர், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர், நெல் காயும் நாட்களில் களத்திலேயே படுத்துக் காவல் காப்பவர். "பேரு தானா வாயில வந்துருச்சு" என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. எந்தப் பெயர் முதலில் வாயில் வரும் என்பது அந்த மேசைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே முடிவாகியிருக்கிறது.

ஞாயிறு மாலை அவரைக் கூட்டிப்போனார்கள்.

மூன்றாம் நாள் காலை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய மனைவி எங்கள் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவாகக் கணவர் நிலையத்தில் இருக்கிறார், பார்க்க விடவில்லை, சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றார். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. கைதுக் குறிப்பு எழுதி உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அவரைக் கைது செய்ததாகவே எந்தப் பதிவும் இல்லை. விசாரணைக்கு வந்தார், அவ்வளவுதான் என்றார்கள்.

குழுவின் வழக்கறிஞர் பேசிய பிறகு அன்று மாலை அனுப்பினார்கள். தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இடது காதைக் கையால் பொத்தியபடியே வந்தார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். எப்படி ஆயிற்று என்று மருத்துவர் கேட்டதற்கு, வரப்பில் வழுக்கி விழுந்தேன் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய பயத்தை மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். புறநோயாளிச் சீட்டில் செவிப்பறை கிழிந்திருப்பதாக எழுதினார்கள். அடிதடி, விபத்துக் காயங்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

வீட்டில் கவனித்தவை

அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போனேன். வேலைக்காரருக்காக வந்தவள் என்று தெரிந்தும் அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். பீரோவைத் திறந்து காட்டினார்.

பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி வழக்கமாக அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும், அங்கேயே இருந்தது. நகைப்பெட்டிகள் காலியாக இருந்தாலும் ஒவ்வொன்றும் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அதே தட்டில் மஞ்சள் துணியில் சுற்றி ஒன்றரைப் பவுன் தங்க அரைஞாண் இருந்தது. மூத்த மகனின் பையனுக்குத் தாத்தா போட்டது. "சாமி அதையாவது விட்டுவச்சிச்சு" என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொல்லைக் கதவில் கடப்பாரை பட்ட தடம் உள்பக்கப் பலகையில்தான் ஆழமாக இருந்தது.

இன்னொன்றும் நினைவில் உறுத்தியது. கணவரைக் கூட்டிப்போன மறுநாள் ராத்திரி தம்பி பைக்கில் வந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார் என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருந்தார். தன் வீட்டு நகையைத் திருடியதாக நினைக்கும் ஆளின் வீட்டுக்கு யாரும் அரிசி கொண்டுபோவதில்லை.

இதையெல்லாம் வழக்கறிஞரிடம் சொன்னேன். நாம் துப்பறியப் போக வேண்டாம், நம்மிடம் வந்தவருக்கு என்ன தேவையோ அதைச் செய்வோம் என்றார். அதற்கேற்ப, அன்றாடக் கையெழுத்துக்கு எழுத்துமூல அழைப்பாணை கேட்டு மனு தயாரித்தோம்.

தம்பி வந்த நாள்

பதினோராவது நாள் தம்பி வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணன் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்ல வரல மேடம். கதவை நெம்புனது நான்தான்."

மூன்று மாதத்தில் மீட்டு வைத்துவிடலாம், அக்கா அடுத்து வருவதற்குள் நகை பீரோவில் இருக்கும் என்று இருவரும் பேசியிருக்கிறார்கள். 14 பவுனைத் தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் அடகு வைத்து 4,20,000 வாங்கினார்கள். எட்டுப் பவுனைக் கும்பகோணத்தில் ரசீது இல்லாமல் மூன்று லட்சத்துக்கு விற்றார்கள். கடன்காரருக்கு 4,50,000 போனது. குத்தகை பாக்கி, அறுவடை இயந்திர வாடகை, உரக்கடை என்று மிச்சம் ஒரே வாரத்தில் கரைந்தது. கடன்காரர் திருப்பிக் கொடுத்தது ஒரு புரோநோட்டை மட்டும்.

அரைஞாணை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது அப்பா போட்டது. கையில எடுத்துட்டு வச்சிட்டேன்."

அவர் என்னிடம் வந்தது குற்றத்தை ஒப்புக்கொள்ள மட்டுமில்லை. பழி முழுவதையும் தானே ஏற்றுக்கொள்ள வழி கேட்டு வந்தார். அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை என்றார். அண்ணனும் அதற்குச் சம்மதித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இரண்டு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் கூடாது. வேலைக்காரர் முதலில் எங்களிடம் வந்தவர், அவருக்காகப் பேசிய வழக்கறிஞர் அவருக்கே தொடர்ந்தார். தம்பிக்கு வேறொருவரை ஏற்பாடு செய்தோம். தம்பி சொன்னதை நான் யாரிடம் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று அவர் எதிரிலேயே பேசித் தீர்த்தேன். அவராக உண்மையைச் சொல்ல இரண்டு நாள், அதற்குமேல் நான் பொறுப்பில்லை என்றேன். அந்த இரண்டு நாளும் காலையில் வேலைக்காரர் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அதை எழுதும்போது இன்றும் எனக்குக் கூசுகிறது.

இரண்டாவது முடிவு, பொய் மனுவுக்கு உடன்படுவதில்லை. விஷயத்தைக் கேட்டதும் அம்மா முதலில் கேட்டது "ஊருக்குத் தெரியுமா?" என்று. அடுத்து, நகை வீட்டிலேயே வேறிடத்தில் கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து முடித்துவிடலாமே என்றார். "நான் பெத்த புள்ளைங்க எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா பாப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படி எழுதினால் வேலைக்காரரின் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே நிற்கும், பயந்துபோய் நகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டான் என்றுதான் ஊர் பேசும். சட்டப்படியும் வழியில்லை. இரவில் வீடு புகுந்து திருடியதாக, அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 457, 380 பிரிவுகளில் பதிவான வழக்கு அது. அந்தப் பிரிவுகள் புகார்தாரர் நினைத்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பட்டியலில் இருக்கவில்லை.

மூன்றாவது முடிவு பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. தம்பி தனியாகப் பழியேற்பதைத் தடுக்க வேண்டுமா? அது அவர் உரிமை என்றார் அவருடைய வழக்கறிஞர். அப்படிச் செய்தால் நிலையத்தில் பெயர் சொன்னது யார் என்ற கேள்வியே எழாமல் போய்விடும் என்றேன் நான். கடைசியில் அண்ணனிடம் நேரில் பேசினேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அன்று இரவு வீட்டுக்கும் வரவில்லை. அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. கிணறு, ஆறு எல்லாம் தேடினார்கள். மூன்றாம் நாள் அவரே வந்தார். நாகூர் தர்காவில் படுத்திருந்ததாகச் சொன்னார். தாடியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நானும் வர்றேன்டா" என்று தம்பியிடம் மட்டும் சொன்னார்.

இருவரும் வழக்கறிஞர்களுடன் போய் ஆஜரானார்கள். கைது, காவல், எட்டாவது நாள் ஜாமீன்.

பின்னர் நடந்தவை

சிங்கப்பூரிலிருந்து அக்கா வந்தார். உடன்பிறந்தவர்களிடம் அவர் பேசவே மாட்டார் என எதிர்பார்த்தேன். பேசினார், அழுதார், வழக்கை முடிக்க ஒப்புக்கொண்டார். பதிலுக்கு 14 பவுனை உடனே மீட்டுத் தர வேண்டும், விற்ற எட்டுப் பவுனுக்கு நிலத்தில் பங்கு எழுத வேண்டும் என்றார். ஒரு ஏக்கரை விற்றார்கள். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தும் அக்டோபரிலேயே மூடிவிட்டது, குறுவை பல இடங்களில் கருகியது. தண்ணீர் இல்லாத வருஷத்தில் நிலம் விற்பவனுக்கு விலை பேச வாய் ஏது.

2024 தொடக்கத்தில் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து, முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். சமரச மனுவின் வரைவை வாசித்தேன். அம்மா, அக்கா, அண்ணன், தம்பி நால்வரும் அதில் இருந்தார்கள். இரண்டு இரவு நிலையத்தில் கிடந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் இதில் தரப்பே இல்லையே என்றார் ஒரு வழக்கறிஞர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். இருந்தும் விடவில்லை. அவருக்கும் இந்தக் குற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அவர் பெயரைச் சொன்னது தவறு என்று ஒரு பத்தி சேர்த்த பிறகுதான் மனு தாக்கலானது. வழக்கு ரத்தானது. கடன்காரர்மீது தம்பி கந்துவட்டிப் புகார் கொடுத்தார், இரண்டாவது புரோநோட் அதன் பிறகுதான் திரும்பி வந்தது.

வேலைக்காரருக்கு என்ன கிடைத்தது? பொய்யான தகவலை அரசு ஊழியரிடம் கொடுத்துப் பட்டியல் சமூகத்தவர் ஒருவருக்குத் துன்பம் விளைவிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம், பிரிவு 3(1)(கியூ). அந்தப் புகாரைக் கொடுக்கலாம் என்று அவருடைய வழக்கறிஞர் விளக்கினார். குடும்ப வழக்கு முடிந்தாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னார். அவர் வெகுநேரம் யோசித்தார். "அந்த வயலத் தாண்டித்தான் மேடம் எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவுது" என்றார். சகோதரர்கள்மீது புகார் கொடுக்கவில்லை. அவர் கேட்டவை மூன்று. ஊர் நடுவில் உண்மையைச் சொல்ல வேண்டும், கூலி பாக்கியைத் தீர்க்க வேண்டும், தன்மேல் எதுவும் இல்லை என்று நிலையத்திலிருந்து எழுத்தில் வேண்டும். டீக்கடை முன்னால் தம்பி நின்று சொன்னார். அண்ணன் பக்கத்தில் நின்றார், வாய் திறக்கவில்லை. கூலி வந்தது. நிலையத்திலிருந்து எழுத்தில் எதுவும் வரவில்லை.

நிலையத்தில் நடந்ததைப் பற்றி மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அவர் மனு அனுப்பினார், ஓராண்டுக் கெடுவுக்குச் சில வாரம் முன்பு. மனுவோடு இணைக்க எங்களிடம் இருந்தது அந்தப் புறநோயாளிச் சீட்டு மட்டும்தான்.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

தம்பி உண்மையைச் சொன்ன அன்றே, அம்மாவிடம் போவதற்கு முன்னால், அன்றாடக் கையெழுத்தை நிறுத்த வைப்பேன். காரணம் சொல்லாமலேயே, அழைப்பாணை இல்லை என்ற ஒரே அடிப்படையில் அதைச் செய்திருக்க முடியும். நாங்கள் தயாரித்த மனு அப்போது மேசையில்தான் கிடந்தது. ஒரு குடும்பம் உடைகிறதே என்ற பதற்றத்தில் எங்கள் கண் முழுவதும் அந்த வீட்டின் மேல்தான் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்தது மனதில் நின்ற அளவுக்கு, திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் அந்த வாரங்களில் என் மனதில் நிற்கவில்லை.

நகை, பணம் என்று எந்த வீட்டுத் திருட்டுப் புகாரில் யார் வந்தாலும், வீட்டில் என்ன கடன் இருக்கிறது, யாரிடம், என்ன வட்டி என்று இப்போது முதலிலேயே கேட்கிறேன். பல சமயம் கேட்டதும் முகம் மாறுகிறது. கேட்காமல் விட்டால் அந்தக் கடன் இன்னொருவர் தலையில் இறங்குகிறது.

மருத்துவமனையில் இனி வாய்மூடி நிற்க மாட்டேன். பயத்தில் அவர் விழுந்தேன் என்று சொன்னாலும், காவலிலிருந்து நேராக வருகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார், அதன் நகல் கையில் இருந்திருக்கும். அவருடைய பயத்தை மதித்ததாக நினைத்தேன். உண்மையில் நானும் பயந்துதான் இருந்தேன்.

2024 பிப்ரவரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் வயலுக்கு இப்போது போவதில்லை, அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறார். ரோட்டோரம் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டது கேட்கவில்லை. கிட்டப் போனதும் வலது காதைத் திருப்பிக்கொண்டு, "அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் வச்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன்.